மாமன் தங்கிய மூன்றாம் நம்பர் அறை

தொலைக்காட்சியில் உட்கார்ந்து விசாக் கட்டணம் பற்றிப் பேசிய அந்தப் பெரிய மனிதர் பொய் சொன்னார். தெரியாமல் சொல்லியிருப்பார் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலேயே சிலர் சமாதானம் சொன்னார்கள். எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம். தெரியாதவர் ஏன் வந்து உட்கார வேண்டும்?

"அவர்கள் நம் நாட்டவரிடம் விசாவுக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். அதே அளவு நாமும் அவர்களிடம் வாங்குவோம். இதற்காக ஒரு சுற்றுலாப் பயணியும் பயணத்தை மாற்றிக்கொள்ள மாட்டான்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அப்போது நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். இலங்கை மலையில், ஹாலிஎலவுக்கும் தெமோதரைக்கும் நடுவில், ரயில் பாதை தெரிகிற மாதிரி ஒரு கெஸ்ட் ஹவுஸ். வெளிநாட்டுக்காரர்களுக்குக் காலைச் சாப்பாடு செய்து கொடுப்பது என் வேலை. கொழுந்து பறிக்கப் போய் இடுப்பு விட்டுப்போன பிறகு இந்த வேலைக்கு வந்தேன். முதலாளி பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் மனிதர். கெஸ்ட் ஹவுஸில் ஆறு அறைகள். கட்டணம் வந்து சில மாதம் கழித்து ஒன்றில்தான் ஆள் இருந்தது. வயதான ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும்.

அவர்களிடம் முதலாளி கேட்டு எனக்குத் தமிழில் சொன்னார். மகளும் மருமகனும் மூன்று பிள்ளைகளும் கூட வருவதாக இருந்தார்களாம். ஆளுக்கு ஒரு விசாக் கட்டணம், கைக்குழந்தைக்கும் உண்டு என்று நினைத்து, ஐந்து பேருக்கும் கூட்டிப் பார்த்துவிட்டு, விசாவே கேட்காத வேறொரு நாட்டுக்குக் கடற்கரை பார்க்கப் போய்விட்டார்களாம். அந்த அம்மா பேரப்பிள்ளைகளின் படத்தை போனில் காட்டினார். நான் ரொட்டியைத் திருப்பிப் போட்டேன். வேறு என்ன செய்ய?

எனக்கு அவர்கள் கதையைக் கேட்டு வருத்தப்பட நேரமில்லை. என் வீட்டிலேயே அதே கதை ஓடிக்கொண்டிருந்தது.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஸ்பிரிங்வெளி தோட்டம். கல்யாணத்தில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவர் தாய்மாமன். என் மகளுக்கு ஒரே தாய்மாமன், என் அண்ணன். அவர் இருப்பது கோத்தகிரி. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று ஆட்களைப் பிரித்த காலத்தில், சித்தப்பா குடும்பத்தோடு சேர்த்து அவரைக் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். இந்தத் தோட்டத்தில் பிறந்து, இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். போகும்போது அவரிடம் யாரும் கட்டணம் கேட்கவில்லை. கையில் ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்துப் போ என்றார்கள். இப்போது தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு வர வேண்டுமென்றால் அவர் சுற்றுலாப் பயணியாம்.

என் கல்யாணத்துக்கு அவரால் வர முடியவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு அண்ணன் இடத்தில் எனக்கு முகமே தெரியாத ஒருவனை நிறுத்தினார்கள். கல்யாணப் படத்தில் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். என் மகள் படத்திலும் அப்படி ஒருவன் நிற்கக் கூடாது என்பதுதான் என் ஒரே பிடிவாதம்.

முதலில் அண்ணன், அண்ணி, மூன்று பிள்ளைகள் என்று ஐந்து பேரும் வருவதாகத்தான் பேச்சு. கட்டணச் செய்தி வந்த பிறகு அண்ணன் போனை எடுக்கவேயில்லை. எடுக்காமலே பல நாள் போனது. கடைசியில் அவரே கூப்பிட்டார்.

"தங்கச்சி, அஞ்சு பேரு விசாவுக்குக் கட்டுற காசு இருந்தா இங்க ஒரு கல்யாணமே நடத்திறலாம் போலருக்கு. பெரியவன் வேற, அதே காசுல தாய்லாந்து போயிட்டு வரலாங்குறான். அங்க விசாவுக்கு ஒத்த ரூவா வேணாமாம்."

"தாய்லாந்துல யாரு நெத்தியில பட்டம் கட்டப் போறானாம் ஒங்க பெரியவன்?"

பின்னால் அண்ணி சிரித்தது கேட்டது. பிறகு அவரே போனை வாங்கிக்கொண்டார்.

"ஏம்மா, நாங்க யாரும் வரல. ஒங்க அண்ணன மட்டும் அனுப்புறேன். எனக்கும் சேர்த்துக் கட்டுனா சீருக்குச் சேலை எடுக்க முடியாது. விசாவா சேலையான்னு பாத்தேன். சேலைன்னுட்டேன். தட்டு தூக்க அங்க யாரையாவது பாத்துக்க."

சீர்த்தட்டை முன்னால் தூக்கி வர வேண்டியவர் அண்ணிதான். சேலைக்காக அவர் நின்றுகொண்டார். அந்தப் பெரிய மனிதர் சொன்ன, பயணத்தை மாற்றிக்கொள்ளாத ஒரு சுற்றுலாப் பயணி இப்படி மாற்றிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா, என் சம்மந்தி, நாக்கில் மிளகாய் வைத்துப் பேசுகிற ரகம். "என்னா சம்மந்தி, மாமன் சீரு கப்பல்லயா வருது? போன கப்பல் திரும்பி வரவே இல்லையே. பூனாகலையில ஒங்க பெரியம்மா மகன் சும்மாதானே இருக்காரு. அவர வச்சி முடிச்சிருங்க" என்றார்.

"அவரு குடிச்சிட்டு வந்து பட்டத்த மாப்பிள்ளைக்குக் கட்டிருவாரு. பரவாயில்லீங்களா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு பூனாகலைப் பேச்சு வரவில்லை. ஆனால் பயம் எனக்குள் இருந்தது. அண்ணன் விமானம் ஏறுவதே அதுதான் முதல் தடவை.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில், சீர் கொண்டு வருகிற மாமன் அதற்கு முன்னால் தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. வெளியில் எங்காவது தங்கி, அங்கிருந்து தப்பு மேளம் அடித்துச் சீர்த்தட்டோடு வர வேண்டும். தங்கச்சி ஆரத்தி எடுத்த பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம். பக்கத்து ஊர் மாமன் என்றால் அவர் வீட்டிலிருந்தே வந்துவிடுவார். எங்கள் மாமனுக்கு இங்கே வீடு இல்லை. கீழ் லயத்தில் யார் வீட்டிலாவது படுக்கவைக்கலாம் என்று விட்டிருந்தேன். யார் வீடு என்று முடிவு செய்யவில்லை. அது ஒரு பெரிய விஷயமாக வரும் என்று யாருக்குத் தெரியும்?

அண்ணன் வந்து இறங்கும் காலையில் நான் சமையலறையில் இருந்தேன். போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு ஆள் சிங்களத்தில் பேசினார். விமான நிலையத்து அதிகாரி என்றார். என் அண்ணனை ஒரு பக்கமாக உட்காரவைத்திருப்பதாகச் சொன்னார். கையில் இருந்த தேங்காய்ச் சிரட்டை கீழே விழுந்தது. எனக்குச் சிங்களம் சந்தையில் பேசுகிற அளவுக்கு வரும். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"உங்க அண்ணன் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு வந்தேன்னு சொல்றார். அப்போ உங்க வீட்டுலதானே தங்குவார்?"

"ஐயோ, இல்லீங்க மாத்தயா! அவரு எங்க வீட்டு வாசலையே மிதிக்கக் கூடாது!"

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"சண்டையா?"

"சண்டை இல்லீங்க, கல்யாணம்."

சொன்ன பிறகுதான் என் முட்டாள்தனம் எனக்கு உறைத்தது. அண்ணனும் அங்கே இதையே சொல்லியிருக்கிறார். தங்கச்சி வீட்டில் தங்க மாட்டேன், எங்கே தங்குவேன் என்று தெரியாது, ஏதோ ஒரு லயத்தில் என்று. பொய் சொல்லத் தெரியாத மனிதர். சுற்றுலா விசாவில் வந்து தங்குமிடம் தெரியாது என்று சொன்னால் எந்த நாட்டில் விடுவான்? கட்டணமும் கட்டி, திருப்பியும் அனுப்பிவிட்டால்? பூனாகலைக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு படத்தில் நிற்பது என் கண்ணில் வந்துவிட்டது.

அழுகையோடு, தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். மாமன், பட்டம், தப்பு, ஆரத்தி. பாதிக்கு எனக்கு வார்த்தை தெரியாது. அதிகாரி நடுவில் நிறுத்தினார்.

"மாமா? அம்மாவோட அண்ணனா?"

"ஆமாங்க."

"எங்க கல்யாணத்துலயும் மாமாதான் ரெண்டு பேரு விரலையும் நூலால கட்டித் தண்ணி ஊத்துவார். என் கல்யாணத்துக்கு மாமா ரத்தினபுரியிலருந்து வர லேட்டாகி, நான் நின்னுக்கிட்டே இருந்தேன்." அவர் குரலில் சிரிப்பு வந்தது. "சரி அம்மா, எனக்கு ஒரு விலாசம் வேணும். ஏதாவது ஒரு விலாசம். பொய் விலாசம் வேணாம்."

வாசலில் முதலாளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனைக் கையில் பொத்திக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"என்னத்த பாக்குறீங்க? நம்ம விலாசத்தக் குடுங்க, தங்கச்சி" என்றார். "மூணாம் நம்பர் ரூம் சும்மாதானே ஈக்குது. அஞ்சு ரூமும் சும்மாதான் ஈக்குது. அந்த ஆளு டீவியில சிரிச்ச நாள்லருந்து சும்மாதான் ஈக்குது. ஒங்க அண்ணன் நானா வந்து படுக்கட்டும். ஒரு டூரிஸ்ட்டாவது வரட்டும்."

விலாசத்தைச் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டு, மாமாவை அனுப்பிவைக்கிறேன் என்றார். போனை வைத்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரொட்டி கருகிப்போயிருந்தது. வெள்ளைக்கார அம்மா அதையும் சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கிறது என்றார். பாவம்.

மறுநாள் அண்ணனை ஹாலிஎல ஸ்டேஷனில் பார்த்தேன். முடி முழுக்க வெள்ளை. சேலைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். "வெளிநாட்டுக்காரன் வந்திருக்கேன். பேக் தூக்க ஆளில்லையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அடி ஒன்று கொடுத்தேன் முதுகில். பிறகுதான் அழுதேன்.

அவர் மூன்றாம் நம்பர் அறையில் தங்கினார். மெத்தை ரொம்ப மிருதுவாக இருக்கிறது என்று தரையில் படுத்தார். காலையில் ரயில் பாதையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "இந்த வளைவுல ரயிலு மெதுவாகும்போது தொத்திக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவோம், தெரியுமா?" என்று வெள்ளைக்காரருக்குத் தமிழில் விளக்கினார். அவரும் தலையாட்டினார்.

கல்யாணத்தன்று மாமன் சீர் கெஸ்ட் ஹவுஸ் வாசலிலிருந்து கிளம்பியது. எங்கள் தோட்டத்துத் தப்புக்காரர்கள் கெஸ்ட் ஹவுஸ் பெயர்ப் பலகையின் கீழ் நின்று அடித்தார்கள். அண்ணி தூக்க வேண்டிய தட்டை என் நாத்தனார் தூக்கினார். முதலாளி துணிக்கடையிலிருந்து ஒரு வேட்டி கொண்டுவந்து தட்டில் வைத்தார். அந்த வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் கூடவே மேடேறி வந்தார்கள். வரும் வழியெல்லாம் அந்த அம்மா போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நீ தவறவிட்டதைப் பார் என்று எழுதினாராம், முதலாளி சொன்னார்.

நான் ஆரத்தி எடுத்தேன். அண்ணன் வாசலில் கால் வைத்தார். சம்மந்தி என் காதருகில் வந்து, "கப்பல் வந்துருச்சு போல" என்றார். "வந்துருச்சுங்க" என்றேன். அதற்கு மேல் அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்ல எனக்குக் கோபமே வரவில்லை. அண்ணன் என் மகள் நெற்றியில் பட்டம் கட்டினார். கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. படத்திலும் கோணல்தான். கோணலாகவே இருக்கட்டும். கட்டிய கை என் அண்ணன் கை.

அண்ணன் திரும்பிப் போய்க் கொஞ்ச நாளில் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். சுற்றுலாப் பயணிகள் குறைந்ததால் எடுத்தார்களாம். கேட்டதும் எனக்கும் நிம்மதிதான். இப்போது மூன்றாம் நம்பர் அறையில் ஆள் இருக்கிறது. மற்ற அறைகளும் நிரம்புகின்றன. அடுத்த தைப்பொங்கலுக்கு அண்ணியும் பிள்ளைகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவன் தாய்லாந்துப் பேச்சை விட்டுவிட்டான்.

ஆனால் என் மகள் கல்யாணம் இன்னொரு தடவை நடக்காது. அந்தப் படத்தில் அண்ணி இல்லை. ஒருவரும் பயணத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்று சொன்னவர், ஆள் குறைந்ததால் கட்டணத்தை எடுத்தார்கள் என்ற செய்தி வந்தபோது எங்கே போனார்? அவரை அந்தப் பக்கமே காணோம். அதே நிகழ்ச்சிக்கு, அதே நாற்காலிக்கு அவர் வரட்டும். சிரிக்காமல் உட்காரட்டும். என் அண்ணியை வரவிடாமல் யார் கணக்குப் போட்டது என்று தமிழிலும் சிங்களத்திலும், எல்லோரும் கேட்கப் பதில் சொல்லட்டும்.