ஒன்பதாம் கேள்விக்கு ஒரு திருத்தம்

கல்லூரியின் ஆய்வு மையத்தில் அவளுக்கு டேட்டா அக்கா என்றுதான் பெயர். மாணவர்கள் நிரப்பிய படிவங்களைக் கணினியில் ஏற்றுவது வேலை. வேகமாகத் தட்டுவாள், அதைவிட வேகமாகக் கோபப்படுவாள். மெக்கானிக் வேலை பார்க்கும் கணவன், அவள் மூக்கு நுனிக்குத் தனியாக ஒரு ஃபியூஸ் போட வேண்டும் என்பான்.

அந்த வாரம் இருநூற்றுப் பதினாறு படிவங்கள் வந்தன. கிராமத்துப் பள்ளிகளில் தமிழில் படித்துவிட்டு வந்த முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலவழிப் பாடம் புரிகிறதா என்று பேராசிரியர் ஆராய்ந்துகொண்டிருந்தார். புரிகிறது என்று முடிவு வந்தால், அவர்களுக்காக மாலையில் நடக்கும் துணை வகுப்பை மூடிவிடுவார்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தை அவர் முதலிலேயே எழுதி வைத்துவிட்டார். எண்கள் மட்டும்தான் பாக்கி.

நாற்பதாவது படிவத்தில் அவள் கை நின்றது. ஒன்பதாம் கேள்வி, வகுப்பு முழுவதும் புரிகிறது என்றது. முழுமையாக ஒப்புக்கொள்கிறேன் என்று டிக். பதினேழாம் கேள்வி, வகுப்பில் பாதிகூடப் புரியவில்லை என்றது. அதற்கும் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். மற்ற படிவங்களைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் அதே கதை. டிக்குகள் ஒரே கட்டத்தில் மேலிருந்து கீழே வரிசையாக இறங்கியிருந்தன. சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது. ஆங்கிலம் புரிகிறதா என்று ஆங்கிலத்திலேயே கேட்டால் வேறென்ன வரும்? முன்பெஞ்சு டிக் போட்ட இடத்திலேயே கடைசி பெஞ்சும் போடும். எனக்குப் புரியவில்லை என்று எழுந்து நின்று மானத்தைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு ஆசை?

இதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினான்கு வருஷத்துக்கு முன், இதே கல்லூரியில் முதலாண்டோடு படிப்பை விட்டவள் அவள். அந்த வருஷமும் இதே கேள்விகளோடு ஒரு படிவம் கொடுத்தார்கள்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. முரண் வந்தால் ஒரு கேள்வியை எடுத்துவிடலாம், பதினேழைத் தூக்கிவிட்டு மற்றதை ஏற்றுங்கள் என்றார்.

"ஏத்த மாட்டேன் சார்."

அப்போதுதான் நிமிர்ந்தார். அவளுடைய ஒப்பந்தம் அடுத்த மாதத்தோடு முடிகிறது என்பதை மிக மரியாதையாக ஞாபகப்படுத்தினார்.

வீட்டில் சொன்னபோது கணவன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "வேலை போனா போகட்டும். ஒர்க்‌ஷாப்ல பில் போட ஆள் இல்ல, ஆனா அங்க வந்து என்னை முறைக்கக் கூடாது" என்றான். பாதி தைரியம் அதிலேயே வந்துவிட்டது.

மறுநாள் காலை பழைய ஆய்வுகள் கிடக்கும் அலமாரியைத் திறந்து, தும்மித் தும்மித் தேடினாள். கிடைத்தது. மையத்தின் இயக்குநர் அம்மாவின் அறையில் பேராசிரியரோடு அறிக்கை பற்றிய கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அவளை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே உள்ளே போய், புதுப் படிவம் ஒன்றையும் பழையது ஒன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"மேடம், இந்தப் பழசு நான் எழுதினது. கேள்வி என்னன்னே தெரியாம எல்லாத்துக்கும் டிக் போட்டேன். கிளாஸ் முழுக்கப் புரியுதுன்னும் போட்டிருக்கேன். அந்த வருஷம் ஆறு பாடத்துல அஞ்சுல ஃபெயில். இந்த டிக்கை நம்பித்தான் அப்பவும் துணை வகுப்பு வேணாம்னு முடிவு பண்ணீங்க."

இயக்குநர் அம்மா இரண்டு தாள்களின் டிக்குகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, கேள்விகளைத் தமிழில் அச்சடித்து எல்லாரிடமும் மறுபடி கேட்க வேண்டும், அதுவரை மாலை வகுப்பில் யாரும் கை வைக்கக் கூடாது என்றார். மொழிபெயர்க்க நாளாகுமே என்று பேராசிரியர் இழுத்தார். அவள் பையிலிருந்து, கேள்விகளைத் தமிழில் தட்டச்சு செய்த நான்கு பக்கங்களை எடுத்து நீட்டினாள்.

பேராசிரியர் முகம் சுருங்கிப்போயிற்று. பழைய படிவத்தையாவது எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள் என்றார்.

"வெக்கிறேன் சார்" என்றவள், அவர் முன்னால் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்தாள். தன் பழைய படிவத்தில் ஒன்பதாம் கேள்விக்கு இருந்த டிக்கைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள்.

"ஏம்மா, ஆவணத்தைத் திருத்தக் கூடாது."

"என் பேப்பர் சார். இப்பதான் கேள்வி புரிஞ்சுது" என்றபடி, ஒப்புக்கொள்ளவில்லை என்ற கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டாள்.