கீழே வைக்கப்படாத போன்கள்

விளையாடுவதற்குச் சம்பளம் என்றால் கேட்கிறவர்களுக்குப் பொறாமை வரும். ஒரே கதவை ஒரு நாளில் இருநூறு தரம் திறந்து மூடுவதுதான் அந்த விளையாட்டு என்று சொன்னால் வந்த பொறாமை வந்த வழியே போய்விடும். செய்கிற வேலை என்னவென்று வீட்டாருக்கு விளக்க முடியாமல் தவித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 2009இல் நான் லண்டன் ஓல்ட் ஸ்ட்ரீட் பக்கத்தில், சைக்கிள் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் இருந்த ஒரு சின்ன நிறுவனத்தில், போன் விளையாட்டுகளைச் சோதிக்கும் வேலை பார்த்தேன். அங்கே எல்லாரும் கதைத்தது ஆங்கிலம். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுந்தது. விழுந்தபடியே எழுதுகிறேன்.

ஒன்றும் தெரியாதவள்

ஜெர்மனியில் பதினொரு வருடம் பேக்கரியில் நின்றவள் நான். பிள்ளைகளின் இங்கிலீஷ் படிப்புக்காக லண்டனுக்கு மாறி ஈஸ்ட் ஹாமில் குடியேறியிருந்தோம். வேலை தேடித்தரும் ஏஜென்சிக்காரி "டெஸ்டர் வேலை ஒன்று இருக்கிறது" என்றாள். என் காதில் அது "டேஸ்டர்" என்று விழுந்தது. கேக், பிஸ்கட் ருசி பார்க்கும் வேலையாக்கும் என்று நினைத்து, காலைச் சாப்பாட்டைக்கூடக் குறைத்துக்கொண்டு போனேன்.

முதலாளி மார்ட்டின் பளபளவென்று ஒரு டச் ஸ்கிரீன் போனை என் கையில் தந்தார். அந்த வருடம் அப்படிப்பட்ட போன் எங்கள் தெருவிலேயே இரண்டு பேரிடம்தான் இருந்தது. "போனில் கடைசியாக என்ன விளையாடினீர்கள்?" என்று கேட்டார். போனில் நான் கதைக்கிறது மட்டும்தான், விளையாடுகிற அளவுக்கு எனக்கு நேரம் இருந்ததில்லை என்று உண்மையைச் சொன்னேன். வேலை போய்விட்டது என்று கைப்பையை எடுத்தேன். அவர் கதிரையை விட்டு எழும்பி, உள்ளறையில் இருந்த ஆளைக் கூப்பிட்ட சத்தம் கீழே சைக்கிள் கடைக்கும் கேட்டிருக்கும்: "நேதன், ஓடி வா! ஒண்டுமே தெரியாத ஆள் ஒண்டு கடைசியா எங்களுக்குக் கிடைச்சிருக்கு!"

சோறும் பிழையும்

நேதன் என்பவர்தான் அங்கே விளையாட்டுகளுக்கு விதி எழுதுகிறவர். சப்பாத்துப் போடாமல் காலுறையோடு நடந்து திரிகிற, மெலிந்த, அதிகம் கதைக்காத மனிதர். அவர்தான் எனக்கு வேலை பழக்கினார். காலையில் பிழை பிடிக்க வேண்டும். பின்னேரத்தில், நாங்கள் அழைத்த சாதாரண ஆட்கள் வந்து விளையாடுவார்கள். நான் பக்கத்தில் இருந்து, அவர்கள் எத்தனையாவது நிமிஷத்தில் போனைக் கீழே வைக்கிறார்கள் என்று கொப்பியில் எழுத வேண்டும்.

பிழைகளில் மோசமானது அழைப்புப் பிழை. விளையாடிக்கொண்டிருக்கும்போது ஆராவது போனில் அழைத்தால், கதைத்து முடிந்தபின் விளையாட்டு விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். பல விளையாட்டுகள் அதில் செத்துப்போகும். ஒருநாள் என் சிம்மைப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தேன். அன்று வீட்டில் நின்ற என் கணவர் அழைத்தார்: சோற்றுக்கு எத்தனை சுண்டு அரிசி? பிறகும் அழைத்தார்: தண்ணீர் எவ்வளவு? மூன்றாம் தரம்: அடிப்பிடித்துவிட்டது, என்ன செய்ய? மூன்று அழைப்புக்கும் விளையாட்டு மூன்று விதமாகச் செத்தது. மூன்றையும் வெட்கத்தோடு எழுதிக் கொடுத்தேன். நேதன் வாசித்துவிட்டுச் சொன்னார்: "மாசக்கணக்கா நாங்கள் தேடின பிழையை உங்கட மனுசன் சோறு காய்ச்சியே பிடிச்சிட்டார். அவரையும் வேலைக்கு எடுக்க ஏலாதோ?"

தண்ணீர்

மார்ட்டினின் உயிர் ஒரு படகு ஓட்ட விளையாட்டில் இருந்தது. ஒரு வருடமாக மூன்று ஓவியர்கள் அதற்குக் கடல் செய்தார்கள். பொய் சொல்லக்கூடாது, அந்தக் கடலை முதல்தரம் பார்த்தபோது எனக்கு மூச்சு நின்றது. உள்ளங்கை அளவு கண்ணாடிக்குள் அலை எழும்புகிறது, வெயில் தண்ணீரில் உடைந்து மினுங்குகிறது, படகு திரும்பினால் நுரை ஒரு பக்கமாகச் சரிகிறது. போனைச் சரித்தால் கடலும் சரியும். நான் என் கையை நனைந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். மார்ட்டின் கதவோரம் நின்று ஒவ்வொரு "ஆ"வையும் எண்ணிக்கொண்டிருந்தார். ஆனால் என் கொப்பியில் வேறு கதை எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. ஐந்தாம் நிமிஷம், ஏழாம் நிமிஷம், ஆறாம் நிமிஷம் என்று போன்கள் மேசைக்கு இறங்கிக்கொண்டிருந்தன. டெரி என்று ஒரு சுவர் பூசும் தொழிலாளி வந்தார். விரல் நகங்களில் சுண்ணாம்பு. எட்டு நிமிஷம் ஓட்டினார். அதுதான் அந்தக் கிழமையின் உச்சம். பிறகு போனை இரண்டு கையாலும் பக்குவமாக மேசையில் வைத்து, தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனை மதிக்கிற குரலில் சொன்னார்: "இந்தத் தண்ணியைச் செய்தவருக்கு என்ர வாழ்த்தைச் சொல்லுங்கோ, அருமையான கை. நான் இனி வீட்ட போகலாமோ?"

ஏழு விதி

நேதன் தன் நேரத்தில் வேறொன்று செய்துகொண்டிருந்தார். ஆறுக்கு ஆறு சாம்பல் நிறக் கட்டங்கள். கறுப்புக் கல், வெள்ளைக் கல், ஒரேயொரு சிவப்புக் கல். விரலால் தள்ளினால் கல் எதிலாவது முட்டும் வரை வழுக்கிக்கொண்டு போகும். ஒரே நிறக் கற்கள் இரண்டு தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க ஏலாது. சிவப்பை மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு புதிருக்கும் பலகை என்று பெயர். எல்லாமாக ஏழு விதி. படம் இல்லை, பாட்டு இல்லை. கணக்குக் கொப்பியைப் பார்த்தது போல இருந்தது. மார்ட்டின் அதைப் பார்த்துவிட்டு, "மிச்சம் எங்கே?" என்று கேட்டார்.

கிளெண்டா என்று ஒரு பஸ் ஓட்டுநர் ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். தொடங்கிப் பத்து நிமிஷம் அலுத்துக்கொண்டாள். பிறகு சத்தம் இல்லை. நான் தேத்தண்ணீர் வைத்தேன், ஆறிப்போனது. இன்னொன்று வைத்தேன், அதுவும் ஆறியது. நேரம் முடிந்துவிட்டது என்று நான் தோளைத் தொட்டபோதுதான் திடுக்கிட்டு, கோட்டைத் தேடினாள். போகும்போது இருபத்துநாலாம் பலகையை ஒரு கடித உறையின் பின்னால் கீறிக்கொண்டு போனாள்.

அடுத்த கிழமை, கூப்பிடாமலே வந்தாள். கற்கள் ஒட்டிக்கொள்வதை எல்லாரும் கேடாகத்தான் நினைத்தோம், நேதன் உட்பட. கிளெண்டா வேண்டுமென்றே மூன்று வெள்ளைக் கற்களை ஒட்டவைத்து நடுவில் ஒரு மதில் கட்டினாள். சிவப்புக் கல்லைத் தள்ளினாள். அது மதிலில் முட்டி, எந்தக் கல்லும் நிற்க முடியாது என்று நாங்கள் நம்பியிருந்த கட்டத்தில் போய் நின்றது. அங்கேயிருந்து ஒரே தள்ளு, மூலை. நேதன் காலுறையோடு அப்படியே தரையில் குந்திவிட்டார். "நான் ஏழு விதிதான் எழுதினேன், இதை நான் எழுதவில்லையே, இது எங்கேயிருந்து வந்தது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். செய்தவனுக்கே தெரியாத ஒன்று அந்தச் சாம்பல் கட்டங்களுக்குள் இத்தனை மாதமும் இருந்திருக்கிறது. கிளெண்டா மட்டும் ஆச்சரியப்படவில்லை: "தம்பி, இருவது வருசமா ஒரே ரூட்டில பஸ் ஓட்டுறன். ரோட்டைப் போட்டவன் நீதான், ஆனா அதில என்னவெல்லாம் நடக்கும் எண்டு ஓட்டுறவளுக்குத்தான் தெரியும்."

கலா மச்சாள்

அந்த வருடம் சித்திரை, வைகாசியில் எங்கள் ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வன்னியில் சண்டை. என் அண்ணையின் மனைவி கலா மச்சாளின் தம்பி, பெண்சாதி பிள்ளையோடு அதற்குள் அகப்பட்டிருந்தான். ஆறு கிழமையாகத் தகவல் இல்லை. மச்சாள் ஃபாரஸ்ட் கேட் வீட்டில் போனைக் கையை விட்டு இறக்காமல் இருந்தாள். சாப்பாடு இல்லை, கதை இல்லை. அவளுடைய பழைய போனோ இரண்டு மணித்தியாலத்தில் சார்ஜ் இறங்கிவிடும். மார்ட்டினிடம் கேட்டேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் சோதனைப் போன் ஒன்றை எடுத்துத் தந்தார். அதில் அவளுடைய சிம்மைப் போட்டுக் கொடுத்தேன். அதற்குள் படகும் இருந்தது, கற்களும் இருந்தன.

ஒரு ஞாயிறு காலை போனபோது மச்சாள் சோபாவில் இருந்து கல் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். பழக்கதோஷம், கொப்பியில் எழுதப்போகிறவள் போல அவள் முகத்தைக் கவனித்தேன். பிறகு, என்ன மனுசி நான் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அப்போது போன் அடித்தது. நீளமான இலக்கம். மச்சாள் எடுத்தாள். "அக்கா" என்ற குரல் எனக்கும் கேட்டது. காலில் காயமாம். மூன்று பேரும் உயிரோடு முகாமுக்கு வந்துவிட்டார்களாம். வேறொருவரின் போனாம், கனநேரம் கதைக்க ஏலாதாம். கட்டாகிவிட்டது. அண்ணை உள்ளறையில் இருந்து ஓடி வந்தார். நாங்கள் மூன்று பேரும் எவ்வளவு நேரம் அழுதோம் என்று தெரியாது.

மச்சாள் சட்டைக் கையால் போனைத் துடைத்தாள். திரையில் கற்கள் விட்ட இடத்திலேயே நின்றன. "இவ்வளவு நாளும் இதைத்தான் விளையாடினீரோ?" என்று கேட்டேன். தலையாட்டினாள். ஏன் படகை விட்டுவிட்டு இதை, என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள்: "படகை ஓட்டேக்க கண்தான் மச்சாள் அங்க நிக்கும், மனம் வன்னியிலதான். இந்தக் கல்லை யோசிச்ச நேரம் மட்டும்தான் ஒரு பத்து நிமிசமெண்டாலும் நான் மூச்சு விட்டனான்."

ஒரு நட்சத்திரம்

கிளெண்டாவைப் பார்த்தபின் மார்ட்டின் கல் விளையாட்டையும் வெளியிடச் சம்மதித்திருந்தார். அதற்கு முன் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். கற்களுக்குப் பதில் இரத்தினங்கள், பின்னால் எரிமலை, தள்ளும்போதெல்லாம் பொன் பொறி. பார்க்க அழகுதான். ஆனால் வந்தவர்கள் பொறியைப் பார்த்தார்களே தவிர எந்தக் கல் எந்த நிறம் என்று பார்க்கவில்லை. போன்கள் மறுபடி மேசைக்கு இறங்கத் தொடங்கின. என் கொப்பியை மார்ட்டின் இரண்டு தரம் வாசித்தார். படகுக்கும் இதற்கும் ஓவியம் கீறியவர்கள் அவருடைய நண்பர்கள். அவர்களிடம் போய்ச் சொல்வது அவருக்கு இலேசாக இருக்கவில்லை. ஆனாலும் சொன்னார். எரிமலை போனது. சாம்பல் கட்டங்களே வெளிவந்தன.

இரண்டு விளையாட்டும் அந்த வருடமே போனின் ஆப் கடைக்கு வந்தன. படகைப் பலர் வாங்கினார்கள், நண்பர்களுக்குக் காட்டினார்கள், அத்தோடு சரி. கல்லைச் சிலரே வாங்கினார்கள். அந்தச் சிலர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் போட்டே நேதன் களைத்துப்போனார்; மதில் கட்டுவதற்கு எங்கள் ஒருவருக்கும் தெரியாத இன்னும் நாலு வழியை யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். முதல் நாள் வந்த முதல் விமர்சனத்துக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம்தான். நாங்கள் எல்லாரும் திரையைச் சுற்றி நின்றோம். மார்ட்டின் தலையில் கை வைத்துவிட்டார். நேதன்தான் சத்தமாக வாசித்தார்: "படம் இல்லை, கதை இல்லை, மூண்டு நாளா எனக்கு நித்திரை இல்லை, முப்பத்தோராம் பலகையை எப்பிடி முடிக்கிறதெண்டு தயவுசெய்து ஆராவது சொல்லுங்கோ."

படம் நன்றாக இருந்தால் ஆட்கள் திரும்பி என்னைப் பார்த்துப் புகழ்வார்கள், விளையாட்டு நன்றாக இருந்தால் பக்கத்தில் நான் இருப்பதையே மறந்துவிடுவார்கள். ஆட்கள் மறக்க மறக்கக் கொப்பியில் நல்ல மார்க் போட்டுக்கொண்டு சந்தோஷமாகச் சம்பளம் வாங்கியவள் லண்டனில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.