கோப்பி ஓ நிறத்தில் ஒரு குற்றம்

பதினெட்டு வருடமாகக் கிள்ளானில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று அந்தப் பதினெட்டு வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். பானெட்டைத் திறந்ததெல்லாம் கண்ணாடி கழுவத் தண்ணீர் ஊற்றுவதற்கு மட்டும்தான். அதனால் என் அறிவுக்கு ஒரு சேதமும் வராமல் இருந்தது.

பிள்ளைகளைக் காலையில் பள்ளியில் இறக்கிவிட்டால், மதியம் திரும்ப ஏற்றும்வரை வேன்காரனுக்கு வேலை கிடையாது. இந்த நாட்டில் பிறக்கிற வதந்திகளில் பாதி அந்த நேரத்தில், பள்ளி வாசல் மரத்தடியில், சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டு போன் பார்க்கிறவர்களால்தான் பிறக்கிறது என்பது என் கணிப்பு. கணிப்பு என்ன, நானே பெற்றிருக்கிறேன். "ஒங்களுக்கு வாய்தான் ஓடுது, வண்டி சும்மா பின்னால வருது" என்பாள் என் மனைவி. அவள் சொல்வதை நான் எழுதி வைத்துக்கொள்வேன். கேட்டு நடப்பது வேறு விஷயம்.

வேன்காரர்களுக்கென்று போனில் ஒரு குரூப் இருக்கிறது. அதன் அட்மின் தலைநகரத்துப் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர். மூன்று வேனுக்குச் சொந்தக்காரர், மூன்றையும் ஓட்டுவது வேறு ஆட்கள். ஸ்டியரிங்கைத் தொட்டு ரொம்ப வருடம் ஆகிவிட்டதால் வாகனங்களைப் பற்றி அவருக்குத் தெளிவான கருத்துகள் உண்டு. ஒருநாள் காலை அவர் ஒரு வீடியோ போட்டார். ஏதோ ஒரு பட்டறை, ஏதோ ஒரு நாடு. பழைய எஞ்சின் எண்ணெயை வடிகட்டி, புதிது என்று சொல்லி மறுபடியும் ஊற்றுகிறார்களாம். கீழே, "நம்ம ஊர்லயும் நடக்குது, உஷார்" என்று எழுதியிருந்தார்.

உஷாரானேன். ஒன்பது நாள் முன்புதான் பண்டமாரானில் என் வேனுக்கு எண்ணெய் மாற்றியிருந்தேன். இங்கே மெக்கானிக்கைப் போமன் என்போம். அந்தப் போமனிடம் பதினோரு வருடமாகப் போகிறேன். வேலை முடிந்ததும் அடுத்து எத்தனையாவது கிலோமீட்டரில் வர வேண்டும் என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கண்ணாடி மூலையில் ஒட்டுவார். "போய்ட்டு வாங்கண்ணே, வண்டி பேசாது" என்பார். வண்டியும் பேசியதில்லை.

மரத்தடியிலேயே பானெட்டைத் திறந்தேன். எண்ணெய் அளக்கும் கம்பியைத் தேடிக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. உருவி, வெள்ளை டிஷ்யூவில் துடைத்தேன். பால் விடாத கோப்பி ஓ மாதிரிக் கன்னங்கரேலென்று இருந்தது. ஒன்பதே நாள்.

ஒரு மனிதன் அப்போது என்ன செய்ய வேண்டும்? பட்டறைக்குப் போய், "ஏன் இப்படி?" என்று கேட்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும் அபாயம் இருந்தது. எனவே குரூப்பில் ஒரு வாய்ஸ் போட்டேன். நாலு நிமிடம் எட்டு நொடி. என் வாழ்நாளின் சிறந்த பேச்சு அதுதான். நம்பிக்கை, துரோகம், உழைப்பாளியின் வியர்வை எல்லாம் அதில் இருந்தன. போமனின் பெயரை மட்டும் சொல்லவில்லை, அது நாகரிகமில்லை. பண்டமாரான், கண்டெய்னர் யார்டைத் தாண்டி இடதுபக்கம், நீல ஜிங்க் கூரை, வாசலில் இரண்டு வாழைமரம் என்று மட்டும் சொன்னேன்.

குரூப் பொங்கியது. "எனக்கும் ரொம்ப நாளா ஒரு சந்தேகம்" என்றார் ஒருவர், அந்த நிமிடம் வரை எதையுமே சந்தேகப்படாதவர். அட்மின் எனக்கென்று தனியாக ஒரு வாய்ஸ் அனுப்பினார். "அண்ணே, நம்ம நாட்டு வெயிலுக்குத் தண்ணி மாரி எண்ணெய் எல்லாம் தாங்காதுலா. கெட்டியா ஊத்தணும். இருவது W அம்பது போடுங்க. கண்ண மூடிட்டுப் போடுங்க."

அந்தக் கடைசி வரியை அப்படியே கடைப்பிடித்தேன்.

பேரங்காடியில் எண்ணெய் அடுக்கின் முன்னால் நின்றபோது ஒரு போத்தல் என்னைக் கூப்பிட்டது. தங்க நிற மூடி, மேலே பந்தயக் கார் படம், பெரிதாக 20W-50. பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் அறுபதைத் தாண்டியது கிடையாது. ஆனாலும் பந்தயக் காருக்கு ஆகும் எண்ணெய் பள்ளிக்கூட வேனுக்கு ஆகாதா? பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்னென்னவோ இருந்தது. பொடி எழுத்து படிப்பவன் குரூப்பில் இருக்க மாட்டான்.

வீட்டு வாசலில் வேனுக்கு அடியில் படுத்தேன். மனைவி குடை பிடித்தாள், எனக்கில்லை, அவளுக்கு.

"போமன்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டா உண்மையவா சொல்லப் போறான்?"

"அப்ப பதினோரு வருசமா சொன்னதெல்லாம் பொய்யா?"

"நீ சும்மா நில்லு. வெளிச்சத்த மறைக்காத."

பழைய எண்ணெய் பாதி அடியில் வைத்த பேசினிலும் பாதி என் சட்டையிலும் வடிந்தது. புதியதை ஊற்றினேன். தேன் மாதிரி இறங்கியது. ஃபில்டர் என்று ஒன்று உண்டு, அதையும் மாற்ற வேண்டும் என்று வீடியோவில் யாரும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை வண்டியை முடுக்கியதும் எஞ்சின் மேல்பக்கம் கொஞ்ச நேரம் டிக்டிக்கென்று தட்டிவிட்டு அடங்கியது. பிள்ளையை ஏற்றிவிட வந்த ஓர் அம்மா, "அங்கிள், வேன் என்னமோ சொல்லுது" என்றார். புது எண்ணெயின் பலம் என்றேன். அவரும் நம்பினார். நான் சொன்ன தொனி அப்படி.

அந்த வாரம் இரண்டு தடவை பண்டமாரான் வழியாகப் போனேன். வழக்கமாக அந்த நீலக் கூரைக்கு முன்னால் மூன்று வேனாவது காத்து நிற்கும். இரண்டு தடவையும் வாழைமரம் மட்டும் நின்றது. நீதி வென்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நீதி, போமன் உருவில், ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தது. என் வேனைப் பார்த்தது, கை காட்டவில்லை.

ஐந்தாம் நாள், என் கைவண்ணத்தை ரசிக்கலாம் என்று கம்பியை உருவினேன். டிஷ்யூவில் துடைத்தேன்.

கோப்பி ஓ.

மூடி முத்திரை உடைத்தது நான், ஊற்றியது நான், அடியில் படுத்து நனைந்ததும் நான். வீட்டு வாசலில் நின்ற வண்டிக்குள் யாரோ வந்து எண்ணெயை மாற்றிவிட்டுப் போயிருக்கலாம் என்று அரை நாள் தீவிரமாக யோசித்தேன். மனைவியிடமும் சொன்னேன். அவள் டிஷ்யூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப இந்தத் தடவ திருடன் நம்ம வீட்டுலதான் இருக்கான். வாங்க, சோறு ஆறுது."

சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தேன். எண்ணெய் யாரும் ஏமாற்றாமலே கறுக்கும் என்றால், நான் போட்ட நாலு நிமிடம் எட்டு நொடிக்கு என்ன பெயர்?

மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராகப் பண்டமாரான் போனேன். போமன் வாளியிலிருந்து எழுந்தார்.

"வாங்க சார்."

பதினோரு வருடம் அண்ணே என்று கூப்பிட்ட வாய். அந்த "சார்" என் நெஞ்சில் எங்கே உட்கார்ந்தது என்று இன்றும் காட்ட முடியும்.

"கேட்டீங்களா?" என்றேன்.

"மூணு பேரு அனுப்புனாங்க. நாகரிகமா பேசியிருந்தீங்க. பேரு சொல்லல."

போய்ப் பானெட்டைத் திறந்தார். கம்பியை உருவி, ஒரு சொட்டை டிஷ்யூவில் விட்டார். அது மெல்லப் பரவிக் கறுப்பு வட்டமானது.

"டீசல் எரிஞ்சா கரி வரும் சார். எண்ணெயில மருந்து கலந்திருக்கும். அது அந்தக் கரிய எங்கயும் ஒட்ட விடாம புடிச்சு எண்ணெயிலயே மிதக்க வைக்கும். அதான் கருப்பு. பழைய எண்ணெய் முழுசா வடியாது. மிச்சம் இருக்கறதும் புதுச ஊத்துன அன்னிக்கே கலக்கும். சட்டி கழுவுன தண்ணி கருப்பா இருந்தா, தண்ணி ஏமாத்திருச்சினு வாய்ஸ் போடுவீங்களா?"

"அப்ப எந்த நிறம் வந்தாதான் பயப்படறது?"

"தே தாரேக் நிறம், பால் டீ மாதிரி வந்தா. உள்ள தண்ணி பூந்துருச்சினு அர்த்தம். கோப்பி ஓ நிறத்துக்கு யாரும் ஓட வேணாம்."

மிச்ச எண்ணெய்ப் போத்தலை அவரிடம் நீட்டினேன். பந்தயக் காரைப் பார்த்ததும் அந்த வாரத்திலேயே முதல் தடவையாகச் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். "இது பெட்ரோல் வண்டிக்கு சார்" என்றார். வேனை உள்ளே எடுத்து, எல்லாவற்றையும் வடித்து, ஃபில்டரை மாற்றி, டீசலுக்கான எண்ணெயை ஊற்றினார். ஒவ்வொரு போத்தலையும் என் கண் முன்னால் காட்டி முத்திரையை உடைத்தார். அது எனக்கு வைத்த குட்டு. வாங்கிக்கொண்டேன்.

நான் போனை எடுத்தேன். "வணக்கம். முன்ன சொன்னதுல ஒரு சின்ன தப்பு. பண்டமாரான் பட்டறை நல்ல பட்டறதான். நன்றி." அனுப்பப் போனேன்.

"எவ்ளோ நேரம் அது?" என்றார் போமன்.

"பதினோரு செகண்ட்."

"என்னப் பத்திப் பேசுனது நாலு நிமிசம் எட்டு செகண்ட். எங்கிட்ட வழக்கமா வர்றது பதினாறு வேன். ஆறு நின்னுருச்சு. பதினோரு செகண்ட்ல ஆறு வேன் திரும்பி வருமா சார்?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அது வேண்டாமாம். கூலியைக் கூட்டிக் கொடுக்கிறேன் என்றேன். அதுவும் வேண்டாமாம். நாலு நிமிடம் எட்டு நொடி வேண்டுமாம்.

ஒருவனைக் கெடுக்க நாலு நிமிடம் தானாக வருகிறது. நல்லதாகப் பேச உட்கார்ந்தால் நாற்பதாவது நொடியில் சரக்குத் தீர்ந்துவிட்டது. "இப்ப என்னா பேசறது?" என்றேன். எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க அவர் நுழைந்திருந்த வேனுக்கு அடியிலிருந்து, "எண்ணெய் என்னா வேல செய்யுதுனு சொல்லுங்க" என்று குரல் வந்தது. அது எனக்கு எங்கே தெரியும்? அவர் அடியிலிருந்து சொல்லச் சொல்ல, நான் மேலிருந்து குரூப்புக்குச் சொன்னேன்.

எஞ்சினுக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. எண்ணெய் அங்கேதான் தங்குகிறது. வண்டியை முடுக்கினால் ஒரு பம்பு அதை இழுத்து, ஃபில்டர் வழியாக, ஊசித் துளை மாதிரி ஓட்டைகளுக்குள் தள்ளி எஞ்சின் உச்சிவரை ஏற்றுகிறது. சுழலும் இரும்புக்கும் அதைத் தாங்கும் இரும்புக்கும் நடுவில், மயிரிழையைவிட மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம். அது இருக்கும்வரை இரண்டும் தொடாமல் ஓடும். கிழிந்தால் இரும்பு இரும்பைத் தின்னும்.

15W-40 என்று என் வேனின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறதாம். பதினெட்டு வருடம் டாஷ்போர்டுக்குள் இருந்த புத்தகம். W என்றால் குளிர்காலம். கிள்ளானில் எங்கே குளிர்காலம் என்று கேட்டேன். ஓடுகிற எஞ்சினின் சூட்டோடு பார்த்தால் காலை ஆறு மணிக் கிள்ளானே அதற்குக் குளிர்காலம்தான் என்று அடியிலிருந்து பதில் வந்தது. W-வுக்கு முன்னால் இருக்கும் எண் சிறியதாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் சீக்கிரம் மேலே ஏறும். நான் ஊற்றிய கெட்டி எண்ணெய் சோம்பலாக ஏறியது. அது வந்து சேரும்வரை தட்டியதுதான் அந்த டிக்டிக். பின்னால் வரும் எண், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே ஏறக்குறைய ஒரே சூடுதான், வெயிலில் காய்வது டிரைவர் மட்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் தத்துவம் அங்கே முடிந்தது.

பிறகு பொடி எழுத்து. S என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு, C என்று தொடங்கினால் டீசலுக்கு. அடுத்த எழுத்து அகரவரிசையில் தள்ளிப் போகப் போகப் புதிய தரம். டீசலின் கரியைச் சுமக்கிற தெம்பு C எண்ணெய்க்குத்தான் அதிகம். இதையெல்லாம் சொல்லி முடித்து, பண்டமாரான் போமன் என்னை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை, ஏமாந்தது என் வாய்தான் என்றேன். நேரம் பார்த்தோம். நாலு நிமிடம் இருபது நொடி.

"பன்னெண்டு செகண்ட் கூட" என்றேன்.

"வட்டியா இருக்கட்டும் சார்."

அனுப்பிய இரண்டாவது நொடி அட்மினிடமிருந்து கட்டைவிரல் வந்தது. நாலு நிமிடப் பேச்சை இரண்டு நொடியில் கேட்டு முடிக்கிறவர்தான் எங்களுக்கு வழிகாட்டி. மற்ற யாரும் மூச்சு விடவில்லை. அடுத்த மூன்று நாளும் காலையில் அந்த வழியாகப் போனேன். வாழைமரம்தான் நின்றது. நான்காம் நாள், வேலை ஒன்றும் இல்லாமலே பட்டறைக்குப் போய் இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை காலை, நின்றுபோன ஆறில் ஒன்று உள்ளே வந்தது. ஓட்டி வந்தவர் பிரேக் பார்க்க வந்ததாகச் சொன்னார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, தானே பானெட்டைத் திறந்து, கம்பியை உருவிக்கொண்டு வந்து என் மூக்கின் அருகில் நீட்டினார்.

"அண்ணே, ஒங்க வாய்ஸ முழுசா கேட்டேன். அருமையா சொன்னீங்க. கருப்பா இருந்தா நல்லா வேல செய்யுதுனுதானே அர்த்தம்? பாருங்க, என்னா கருப்பு. ரெண்டு வருசமா மாத்தல. இனிமே மாத்தவே வேணாம்லா."

கம்பியில் இருந்தது எண்ணெய் இல்லை, தார்.

போமன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கம்பியைப் பார்த்தார். வந்தவரைப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, போன எடுங்க."