ராஜா சீட்டில் ஒரு நகக்கீறல்

அப்போது தளவாய்புரம் சந்தையில் சீட்டு வித்தை காட்டிக்கொண்டிருந்தேன். ராஜா சீட்டின் ஓரத்தில் நகத்தால் கீறி வைத்திருப்பேன்.

பர்மாவில் சண்டை மூண்டபின் அங்கே பிழைக்கப் போயிருந்த கணவனிடமிருந்து கடிதமே வராத நெசவுக்காரி ஒருத்தி, சீட்டைத் தானே கலைத்துக் கொடுத்தாள். "ராஜா வந்தா அவிய உசுரோட இருக்காவ. எடுங்கண்ணே!"

கூட்டத்தின் கைதட்டலுக்கு ஆசைப்பட்டு ராஜாவையே எடுத்தேன். வாரந்தோறும் வந்தாள், வாரந்தோறும் எடுத்தேன்.

ஒருநாள் மனசு உறுத்த, கீறலை அவளுக்கு மட்டும் காட்டி, கூட்டத்துக்குக் கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்ணே. தறியில அறுந்த இழையத் தேடுற விரலு இது. மொத நாளே தட்டுப்பட்டுச்சு. ஆனா அவிய இருக்காவன்னு சொல்ல எனக்கு வேற யாரு இருக்கா?" என்று மறுபடி கலைத்து நீட்டினாள்.

ராஜாவை எடுத்தேன். கூட்டம் வழக்கம்போல் கைதட்டியது. இன்றும் சீட்டைத் தொட்டால் என் விரல் கூசுகிறது.