பதினாலாவது படம்

கத்தரிக்காயை ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்த்துவார் நாகேந்திரம். பின்னால் போய்க் கமெராவின் கண்ணுக்குள் பார்ப்பார். திரும்பி வந்து அரை விரற்கடை வலப்பக்கம் நகர்த்துவார். காம்பில் ஒட்டியிருக்கும் தூசியை ஊதுவார். மறுபடியும் போய்ப் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையில் அவருடைய சாப்பாட்டு மேசைக்கு வெயில் வருவது ஒன்பதே முக்காலிலிருந்து பத்தேகால் வரைக்கும்தான். எதிரே எழும்பியிருக்கும் இரண்டு தொடர்மாடிகளுக்கு நடுவால் நுழைந்து வந்து, அரை மணித்தியாலம் மேசையில் இருந்துவிட்டுப் போய்விடும். அதற்குள் எடுத்தாக வேண்டும். எடுத்து முடிந்த பிறகுதான் குசினிக்குக் கத்தரிக்காய் போகும்.

"இண்டைக்காவது பன்ரெண்டு மணிக்குச் சாப்பிடலாமோ?" என்று மனைவி அருள்நாயகி உள்ளேயிருந்து கேட்பாள்.

"கொஞ்சம் பொறுமப்பா. அது இன்னும் முகத்தைக் காட்டேல்லை" என்பார்.

கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் லிகிதர். வயது ஐம்பத்திமூன்று. சட்டைப் பையில் பேனையோடு ஒரு பூதக்கண்ணாடியும் இருக்கும். சந்தைக்குப் போனால் நல்ல மரக்கறி வாங்கத் தெரியாது. வளைந்த முருங்கைக்காய், இரட்டைத் தலை வெங்காயம், ஒருபக்கம் மட்டும் பழுத்த மிளகாய் என்று சிங்களத்தில் கேட்டுக் கேட்டுப் பொறுக்குவார். மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிட்டு, வீட்டில் மாடு நிற்கிறதா என்று கடைக்காரன் ஒருநாள் விசாரித்திருக்கிறான். கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்ப்பதைவிட வீதியில் விழுந்துகிடக்கும் நந்தியாவட்டையைத்தான் கூடுதலாகப் பார்ப்பார். பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியை மட்டும் பதினொரு தரம் எடுத்திருக்கிறார்.

முன்பெல்லாம் அவர் எடுத்தது கடலும் வள்ளமும் தண்டவாளமும். கோட்டையில் குண்டு வெடித்த வருடம் ஒருநாள், கடற்கரையில் கமெராவோடு நின்றவரைப் பொலிசார் பிடித்துக்கொண்டுபோய் இரண்டு நாள் விசாரித்தார்கள். எந்தக் கட்டிடத்தை எடுத்தாய், யாருக்கு எடுத்தாய் என்று அதே கேள்விகள். பிலிமை வெளியே இழுத்து வெயிலில் பிடித்துவிட்டுக் கமெராவைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன் பிறகு கமெரா வீட்டு வாசலைத் தாண்டவில்லை. யாராவது கேட்டால், "கத்தரிக்காய்க்குப் பொலிஸ் பதிவு தேவையில்லைத்தானே" என்று சிரிப்பார்.

சிரித்தாலும் மனம் ஆறாது. அவர் ஒரு புகைப்படச் சங்கத்தில் உறுப்பினர். அங்கே மற்றவர்கள் காட்டுக்குப் போய்ச் சிறுத்தையை எடுத்துவந்து காட்டும்போது, "வெளிச்சம் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று ஏதாவது ஒரு குறை சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. மேல்மாடியில் இருக்கும் பிறிஜெற்றின் யன்னலுக்குப் பதினொன்றரை மணி வரை வெயில் உண்டு. அந்த யன்னலில் அவள் துவாய் காயப்போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு காந்தும்.

இருபத்திரண்டு வருடமாக அருள்நாயகி அவருக்கு வெளிச்சத்தைத் திருப்ப வெள்ளை மட்டை பிடித்திருக்கிறாள், பின்புறத்துக்குச் சேலை கட்டியிருக்கிறாள். அவளுக்குப் படத்தில் ஒரு அபிப்பிராயம் இருக்கக்கூடும் என்று அவர் நினைத்ததே இல்லை. ஒரே ஒரு தரம், குனிந்த பூ ஒன்றுக்கு அவர் ஈர்க்கு வைத்து நிமிர்த்தியபோது, அது வாடத்தானே போகிறது, அதன்பாட்டில் விடுங்கோவன் என்றாள். அவள் குசினிக்குள் போன பிறகு ஈர்க்கை உருவிவிட்டுப் பார்த்தார். அவள் சொன்னதுதான் சரி. அன்றைக்கு முழுவதும் அவளோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை.

ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்று. பித்தளைச் செம்பில் ஐந்து செவ்வரத்தம்பூ வைத்து, வெயில் வரமுன் நிழலிலேயே பதின்மூன்று படம் எடுத்து முடித்து, நல்ல வெயிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணியளவில் சிப்பாய்கள் வந்து ஒழுங்கையை இரண்டு பக்கமும் மறித்தார்கள். வீடு வீடாகச் சோதனை. தமிழர்கள் பொலிசில் பதிந்து வைத்திருக்க வேண்டிய துண்டில் இவருடைய வீட்டு இலக்கத்தின் மூன்று, எட்டைப் போல இருந்தது. எழுதியது அவருடைய சொந்தக் கைதான். சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. சந்தியில் நின்ற பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீட்டுச் சொந்தக்காரர் போய் உறுதி சொன்ன பிறகு பின்னேரம் ஐந்து மணிக்கு விட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது எல்லாம் அதது இருந்த இடத்தில் இருந்தது. வந்து பார்த்தவர்கள் நெடுநேரம் நிற்கவில்லை என்று மட்டும் அருள்நாயகி சொன்னாள். அவரும் மேலே கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் குளியலறை யன்னலுக்குப் போர்வை கட்டிப் பிலிமைக் கழுவினார். காயவிட்டு, பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பதின்மூன்று படங்களில் செம்பும் பூவும். பதினாலாவது அவர் எடுத்தது அல்ல.

அதே மேசை. செம்பு ஒரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டுப் பாதிதான் தெரிந்தது. மேசை நிறைய அரிசி. அரிசி ரின்னை அப்படியே கவிழ்த்துக் கொட்டி, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று ஒரு சிப்பாய் கையால் துழாவியிருக்கிறான். அவனுடைய விரல்கள் இழுத்த கோடுகள் அரிசிக்குள் நீளமாக, ஆழமாக ஓடின. அந்தக் கோடுகளின் முடிவில் செம்பிலிருந்து விழுந்த ஒரு செவ்வரத்தம்பூ முகங்குப்புறக் கிடந்தது. ஒன்பதே முக்கால் வெயில் சரிவாக விழுந்து ஒவ்வொரு அரிசிக்கும் ஒரு நிழல் கொடுத்திருந்தது.

நாகேந்திரத்துக்கு வயிறு பற்றி எரிந்தது.

குறை தேடினார். அரிசி அரிசியாகத் தெரிந்தது. பூவின் மகரந்தம்கூடத் தெளிவு. வெளிச்சம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முப்பது வருடமாக அவர் தேடிக்கொண்டிருந்த ஒன்றை, அவரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோன நேரத்தில் பொத்தானின் ஒரே அமத்தலில் அருள்நாயகி எடுத்துவிட்டிருந்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, அந்தப் பிலிம் கழுவியாயிற்றா என்று அவள் கேட்டாள். கடைசிப் படம் வெளிச்சம் பட்டுப் புகைந்து போய்விட்டது என்றார். அவள் ஓம் என்று சொல்லி அவருக்கு இன்னும் கொஞ்சம் சொதி விட்டாள்.

அடுத்த ஞாயிறு அவர் அரிசி ரின்னை எடுத்து மேசையில் கொட்டினார். விரலால் கோடு இழுத்தார். பூவைப் போட்டார். சரிவரவில்லை. அள்ளிப்போட்டுவிட்டு மறுபடியும் கொட்டினார். அவர் போட்ட பூக்கள் எல்லாம் போட்ட பூக்களாகவே கிடந்தன. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. ஒவ்வொரு முறையும் அருள்நாயகி வந்து அரிசியைச் சுளகில் வாரிப் புடைத்து ரின்னுக்குள் போட்டாள்.

மூன்றாம் ஞாயிறு அவர் கோடு இழுத்துக்கொண்டிருக்கையில் கதவடியில் நின்று பார்த்தாள்.

"அவன் நாலு விரலாலதான் கிண்டினவன்," என்றாள். "பெருவிரல் படேல்லை."

நாகேந்திரத்தின் கை அரிசிக்குள் நின்றுவிட்டது. வெயில் மேசைக்கு வந்திருந்தது. கமெராவுக்குப் பின்னால் போக அவருக்குத் தோன்றவில்லை.

"படம் புகையேல்லை" என்றார்.

"தெரியும். புகைஞ்ச பிலிமை நீங்கள் குப்பைக்குள்ளதானே போடுறனீங்கள். குப்பை கொட்டுறது நான்."

ஏன் எடுத்தாள் என்று கேட்டார். அந்த நேரத்தில், புருஷனைப் பிடித்துக்கொண்டு போன நேரத்தில், படமெடுக்க அவளுக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்க நினைத்ததில் பாதியைத்தான் கேட்டார்.

"வெளிச்சம் வந்தது. நீங்கள் இல்லை," என்றாள். "என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. நீங்கள் நிண்ட இடத்தில கொஞ்ச நேரம் நிண்டன். பிறகு அமத்தினன்." மேசையில் சிதறிய அரிசியை ஒரு கையால் கூட்டிச் சேர்த்தாள். "நல்லா வந்திருக்கோ?"

இருபத்திரண்டு வருடத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது, படத்தைப் பற்றி. ஓம் என்று சொல்ல ஒரு சொல் போதும். அது வாயில் வரவில்லை.

"வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு" என்றார்.

அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது போலச் சுளகை எடுக்கப் போனாள். அவருக்குத்தான் போதவில்லை.

சங்கத்தின் வருடாந்தக் கண்காட்சிக்கு ஆளுக்கு மூன்று படம் அனுப்பலாம், வீட்டாரும் அனுப்பலாம். காலி வீதியில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் ஜாபிர்தான் நாகேந்திரத்துக்குப் படங்களைப் பெரிதாக்கிக் கொடுப்பவர். மூன்றையும் மேசையில் பரப்பிவைத்தார் ஜாபிர். இரண்டைப் பார்த்துத் தலையாட்டினார். மூன்றாவதை நெடுநேரம் பார்த்தார்.

"இது ஒங்கட கை இல்லியே," என்றார். "ஒங்கட பூவெல்லாம் பாஸ்போட் படத்துக்கு இருக்கிற மாதிரி நிமிந்து ஈக்கும். இது அப்பிடி இல்ல. ஆரு எடுத்த?"

நாகேந்திரம் படத்தின் பின்னால் ஒட்டும் துண்டை வாங்கினார். படத்தின் பெயர் என்று இருந்த இடத்தில் 'அரிசி' என்று எழுதினார். எடுத்தவர் என்று இருந்த இடத்தில் 'நாகேந்திரம்' என்று எழுதினார். எழுதிவிட்டுப் பேனையை மூடினார். கடைக்கு வெளியே பஸ்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜாபிர் பசையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு நாகேந்திரம் பேனையைத் திறந்து, தன் பெயருக்கு முன்னால் மிஞ்சியிருந்த சிறிய இடத்துக்குள், எழுத்துக்கு எழுத்து இடித்துக்கொள்ள 'அருள்நாயகி' என்று எழுதிச் சேர்த்தார்.

கண்காட்சி கறுவாத்தோட்டத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. 'அரிசி'க்கு இரண்டாம் பரிசு. அதை நடுச்சுவரில் தனியாக மாட்டியிருந்தார்கள். நாகேந்திரத்தின் கத்தரிக்காயும் நீத்துப்பெட்டியும் வாசலுக்குப் பக்கத்தில், கதவு திறந்தால் மறைந்துபோகும் இடத்தில் தொங்கின. அருள்நாயகி கல்யாணங்களுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு ஒரு கதிரையின் நுனியில் இருந்தாள். வந்தவர்கள் நாகேந்திரத்தின் கையைக் குலுக்கி, நீங்கள் நன்றாகப் பழக்கியிருக்கிறீர்கள் என்றார்கள். அதை மறுக்க அவருக்கு மனமில்லை. ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை.

நடுவர்களில் ஒருவர், வெள்ளைத் தலைமயிர்க்காரர், அவளிடம் வந்து ஆங்கிலத்தில் பேசினார். அந்தக் கோடுகள் உழுத வயலைப் போல இருக்கின்றன, எதைக் கொண்டு அத்தனை அழகாக இழுத்தீர்கள் என்று கேட்டார். அருள்நாயகி கணவரைப் பார்த்தாள்.

"அது நான் கீறினது இல்லையெண்டு சொல்லுங்கோ" என்றாள்.

நாகேந்திரம் அவள் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். கூட ஒரு சொல் சேர்க்கவில்லை. அந்த மனிதர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்து, அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆறு மணிக்கு மண்டபம் காலியாகிவிட்டது. அருள்நாயகி முகம் கழுவப் போயிருந்தாள். நாகேந்திரம் நடுச்சுவருக்குப் போய் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். ஒருவரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். சுட்டுவிரலால் சட்டத்தின் கீழ் மூலையை மெல்லத் தள்ளினார். படம் ஒருபக்கம் சாய்ந்தது. நாலடி பின்னுக்குப் போய்த் தலையைச் சரித்துப் பார்த்தார். சாய்ந்தும் அது கெடவில்லை. பிறகு கிட்டப் போய், இரண்டு கைகளாலும் சட்டத்தைப் பிடித்து, மயிரிழை பிசகாமல் நேராக்கினார்.