அழகாக வந்த உருண்டைகள்

அம்மா மருந்து ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தார். கூடத்தில் எல்லோருக்கும் ‘உருண்டையம்மா’. போன மாதம் இறந்துவிட்டார்.

கொத்தவரை விதைப் பிசினை நீரில் ஊறவைத்து மருந்தைக் கலப்பார். அதை எண்ணெயில் ஊற்றி விடாமல் கலக்கினால் பொடிப்பொடித் துளிகளாக உடையும். பிறகு குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தை விடுவார், கண் எரியும். அது பிசின் இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடும். கழுவிக் காயவைத்தால் மாவு போன்ற நுண்ணுருண்டைகள். விழுங்கினால் அவை பெருங்குடலுக்குப் போன பிறகுதான் மருந்தை விட வேண்டும். முடிச்சு குறைந்தால் வயிற்றிலேயே மருந்து கசிந்துவிடும். கூடினால் பெருங்குடலுக்குப் போயும் வெளியே வராது.

ஒருநாள் கூடத்தின் தலைவர் சொன்னார்: “அடுத்த வாரம் ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கிற குழு பாக்க வருதும்மா. இந்தத் தடவையும் சொதப்பினா இழுத்து மூடிடுவாங்க.” மூடினால் அம்மாவின் வேலையும் போகும்.

அம்மா பயத்தில் குளூட்டரால்டிஹைடைக் கொஞ்சம் தாராளமாக விட்டுவிட்டார். நுண்ணோக்கியில் உருண்டைகள் முத்து முத்தாகத் தெரிந்தன. அம்மா கூப்பிட்டுக் காட்ட, கூடமே முறைபோட்டு எட்டிப் பார்த்தது. அங்கேயே சோதனைப் பிரிவில் இருந்த நான், குடல்நொதி கலந்த திரவத்தில் அவற்றைப் போட்டுப் பார்த்தேன். மருந்து வெளியே வரவே இல்லை.

வீட்டில்தான் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்பா சிரித்தார்.

“சரியான கல்லுளிமங்கன்! உள்ளயே அமுக்கி வெச்சிருக்கு. செஞ்சது யாரு?”

“நீங்க உரிக்கிற வேலையைப் பாருங்க.” என் பக்கம் திரும்பினார் அம்மா. “சுத்தமா வரலையா?”

“வரல. எவ்வளவும்மா விட்டே?”

“உடைஞ்சிடுமோன்னு... கொஞ்சம் கூடத்தான்.”

மறுநாள் தலைவரிடம் அவரே போய்ச் சொன்னார். திட்டு வாங்கினார். அளவைக் குறைத்து மறுபடி செய்தார். இந்தத் தடவை பாதி நசுங்கியிருந்தன, சில ஒட்டிக்கொண்டிருந்தன.

“மூஞ்சியே சரியில்ல,” என்றார் அம்மா. “போட்டுப் பாரு.”

வயிற்றில் இருப்பது போன்ற அமிலத்தில் தாங்கின. குடல் திரவத்தில் மருந்தை விட்டன.

குழுவில் ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்து முகம் சுளித்தார். “என்ன இது, மிதிச்ச மாதிரி இருக்கு?”

“அழகா வேணும்னா அந்தப் புட்டியில இருக்கு சார்,” என்றார் அம்மா. “மருந்து வேணும்னா இதுதான்.”

தலைவர் என் சோதனை முடிவை நீட்டினார். ஆராய்ச்சி தொடர்ந்தது. ஓய்வு பெறும்வரை அம்மா அந்த நசுங்கல்களைத்தான் செய்தார். ஒருநாளும் யாரையும் கூப்பிட்டுக் காட்டியதில்லை.