வெள்ளிக்கிழமைப் பொய்

துரத்திவிட்டார்கள் என்று யார் சொன்னது? யாரும் துரத்தவில்லை. டீச்சர் அவளாகத்தான் போனாள். பட்டப்பகலில், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூட வாசல் வழியாக நடந்துதான் போனாள். பொய் சொல்லிக் கொடுத்துப் பிள்ளைகளைக் கெடுத்தாள் என்று இரண்டாம் மாடிக்காரி துணி உலர்த்தும்போதெல்லாம் ஊருக்கே கேட்கச் சொல்கிறாளே, அதில் பாதி உண்மை. பொய் சொல்லிக் கொடுத்தாள். வாரத்துக்கு ஒன்று, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில். ஏன் சொன்னாள் என்பதையும் கேட்டுவிட்டு, அப்புறம் வாய் வலிக்கிற வரைக்கும் ஏசிக்கொள்ளட்டும்.

அந்த உயர்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் சரித்திரம் எடுத்தவள். பிள்ளைகள் வைத்த பெயர் ஆதார டீச்சர். எதைச் சொன்னாலும் யார் சொன்னது, எப்போது சொன்னது, சொன்னவர் அங்கே இருந்தாரா என்று மூன்று கேள்வி கேட்பாள். வீட்டிலும் அதே கதைதான். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருக்கும் அவள் புருஷன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்:

"மழை வருது, துணியை எடுன்னு சொன்னா ஜன்னல்ல போய் எட்டிப் பார்த்துட்டுத்தான் எடுப்பா. நான் சொட்டச் சொட்ட நனைஞ்சு நிக்கிறது அவளுக்கு ஆதாரம் இல்லையாம்!"

ஆரம்பத்தில் அவளும் மற்றவர்களைப் போலத்தான். புத்தகத்தை வாசிப்பாள், முக்கியமானதற்கு அடிக்கோடு போடச் சொல்வாள். ஒரு நாள் முன்பெஞ்சுப் பையனின் புத்தகத்தைப் பார்த்தால், பக்கம் முழுக்கக் கோடு. பக்க எண்ணுக்கும் கோடு.

"இது எதுக்குடா?"

"எல்லாமே முக்கியம்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க."

வகுப்பு சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் பிள்ளைகளுக்குக் கோடு போடத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேனா என்று மனசு குடைந்துகொண்டே இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பொய் ஆரம்பித்தது. பாடத்தின் நடுவில், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல், ஒரே ஒரு பொய்யைச் செருகிவிடுவாள். திங்கட்கிழமை பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். "எனக்கென்னவோ அப்படித் தோணுது டீச்சர்" என்றால் உட்காரச் சொல்லிவிடுவாள். எந்தப் பக்கத்தில், எந்த வருடத்தில், யார் சொன்னதோடு அது இடிக்கிறது என்று காட்ட வேண்டும். நோட்டில் வலது பக்கம் டீச்சர் சொன்னது. இடது பக்கம் பிள்ளையின் சந்தேகம். முதல் வருடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வருடம் திங்கட்கிழமை என்றால் அந்த வகுப்பில் சந்தைக்கடைச் சத்தம். பக்கத்து வகுப்பு அறிவியல் வாத்தியார் சுவரைத் தட்டுவார். அவளுக்கோ அந்தச் சத்தம் காதில் தேன்.

அப்புறம் அந்தப் பஞ்சப் பாடம் வந்தது. "பஞ்சம் வந்தப்போ ராஜாவே நேர்ல வந்து தானியக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார்" என்று சொன்னாள். அதே பாடத்தில் இரண்டு பக்கம் முன்னால் ராஜா செத்துப்போன வருடம் இருக்கிறது. பஞ்சம் வந்தது அதற்குப் பதினொரு வருடம் கழித்து. கழித்தல் கணக்குத் தெரிந்தால் போதும்.

திங்கட்கிழமை அவள் வகுப்புக்குப் போனால் கணக்கு வாத்தியார் போர்டை நிறைத்துக்கொண்டிருந்தார். பொதுத் தேர்வு நெருங்குகிறது, சரித்திரப் பீரியடெல்லாம் இனிக் கணக்குக்கு என்று ஹெட்மாஸ்டர் உத்தரவு.

"சரித்திரம் எங்கே டீச்சர் ஓடிப்போயிடும்? நடந்து முடிஞ்சதுதானே" என்றார் ஹெட்மாஸ்டர்.

மூன்று வாரம் அப்படியே போனது. திரும்ப வகுப்பு கிடைத்தபோது ஐந்து பாடத்தை நான்கு நாளில் முடிக்க வேண்டிய நெருக்கடி. போட்ட பொய்யை எடுக்க மறந்துவிட்டாள். இது அவள் தப்பு. இதை யாரும் பூசி மெழுக வேண்டாம்.

அந்த வகுப்பில் டெய்லர் மகள் ஒருத்தி இருந்தாள். அச்சடித்த மாதிரி கையெழுத்து. அவள் நோட்டை டியூஷன் மாஸ்டர் வாங்கி, தன்னிடம் வரும் பிள்ளைகளுக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். வலது பக்கங்களை மட்டும். "இடது பக்கம் என்னமோ கிறுக்கி வெச்சிருக்கு, அது எதுக்கு?" என்று ஒதுக்கிவிட்டார். தேர்வில் பஞ்சத்தைப் பற்றித்தான் ஐந்து மதிப்பெண் கேள்வி. செத்துப்போன ராஜா அறுபது விடைத்தாளில் எழுந்து வந்து களஞ்சியத்தைத் திறந்தார்.

ஒன்பது பிள்ளைகள் இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண்ணில் தவறிப்போனார்கள். பெற்றவர்கள் விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே வரி. எந்த டீச்சர் சொன்னது என்று கண்டுபிடிக்க வெகு நேரம் ஆகவில்லை. பள்ளிக்கூட வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் பொய் சொல்வாளாம், வேண்டுமென்றே சொல்வாளாம் என்று தெரு முழுக்கப் பரவியது.

"மன்னிப்புக் கேட்டுட்டு விட்டுடேன்" என்றான் புருஷன்.

"மறந்ததுக்குக் கேக்கறேன். பொய் சொன்னதுக்குக் கேக்கமாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லைங்க. ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை கண்டுபிடிச்சிருந்தாலும் ரெண்டும் வேற வேற."

அந்த ஒரு பிள்ளையைத் தேடித்தான் டெய்லர் கடைக்குப் போனாள். பிள்ளை தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தது. பேசாமல் எழுந்து போய் நோட்டை எடுத்து வந்து கொடுத்தது. பஞ்சப் பாடத்தின் இடது பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: ராஜா இறந்து பதினொரு வருஷம் ஆச்சு. எப்படி வந்து திறந்தார்? பக்கம் 63. திங்கட்கிழமை கேட்கணும்.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த இடத்திலேயே பிள்ளையின் தலையைத் தடவினாள். பிள்ளை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் அறை. பெற்றவர்கள் ஏழெட்டுப் பேர். டெய்லரும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். டீச்சர் நோட்டை விரித்து மேஜையில் வைத்தாள்.

"நான் மறந்தது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா பாருங்க. இந்தப் பொண்ணு அன்னைக்கே கண்டுபிடிச்சிருக்கா. யார் துணையும் இல்லாம. இதைத்தான் சார் நான் சொல்லிக் கொடுத்தேன்."

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கொஞ்சம் இளகின மாதிரி தெரிந்தது. அப்போது பின்னால் இருந்து ஒரு அப்பா கேட்டார்:

"சரி, அந்தப் பொண்ணு பரீட்சையில என்ன எழுதிச்சு?"

டெய்லர் சட்டைப் பையிலிருந்து மடித்த நகலை எடுத்துக் கொடுத்தார். அவர் அதைப் படித்துப் பார்த்ததே இல்லை. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தவர். ஹெட்மாஸ்டர் புரட்டினார். ஒரு பக்கத்தில் கை நின்றது. தாளை டீச்சர் பக்கம் திருப்பி வைத்தார்.

ராஜாவே நேரில் வந்து தானியக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். அச்சடித்த மாதிரி கையெழுத்து. கீழே ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

"உனக்குத் தெரியும்லம்மா?" என்றாள் டீச்சர்.

"தெரியும் டீச்சர்."

"அப்புறம் ஏம்மா?"

"எல்லாரும் அதைத்தான் எழுதப்போறாங்கன்னு தெரிஞ்சுது. நான் மட்டும் மாத்தி எழுதினா எனக்கு மட்டும் போயிடுமோன்னு பயமா இருந்துச்சு." பிள்ளை அழ ஆரம்பித்தது. "நீங்க சொன்னதா இருந்தா மார்க் வரும்னு நினைச்சேன் டீச்சர்."

டெய்லர்தான், "விடுங்க டீச்சரம்மா, சின்னப் பிள்ளை" என்றார். யாருக்கு ஆறுதல் சொன்னாரோ தெரியவில்லை.

ஹெட்மாஸ்டர் கெட்டவர் இல்லை. கூட்டத்தைச் சமாதானம் செய்து அனுப்பினார். "டீச்சர், எனக்கு ஆதாரம் வேணாம், அமைதி வேணும். புத்தகத்தை வாசிங்க, கோடு போடச் சொல்லுங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பு" என்றார். அவள் தலையாட்டினாள். அதற்கு முன்னால் அவள் எதற்கும் அப்படிச் சட்டென்று தலையாட்டி யாரும் பார்த்ததில்லை.

பள்ளியில் புது வருடம் தொடங்கியது. பதினொரு வாரம் வாசித்தாள். வெள்ளிக்கிழமையும் வாசித்தாள், திங்கட்கிழமையும் வாசித்தாள். வீட்டில் புருஷன் மழை வருகிறது என்றால் உடனே போய்த் துணியை எடுத்துவந்தாள். அவனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு புதன்கிழமை மேலதிகாரி ஒருவரை ஹெட்மாஸ்டர் வகுப்பு வகுப்பாகக் கூட்டிவந்தார். இவள் வகுப்பு வாசலில் இருவரும் நின்றார்கள். நாற்பத்தெட்டுத் தலைகள் குனிந்திருந்தன. ஸ்கேல் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன ஒரு அமைதி!" என்றார் அதிகாரி. "எப்படிம்மா சாதிச்சீங்க? மத்த டீச்சர்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க."

ஹெட்மாஸ்டர் முகமெல்லாம் பூரிப்பு. அவர்கள் அடுத்த வகுப்புக்கு நகர்ந்தார்கள். அவள் சாக்பீஸைப் போர்டுக்குக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். வாசித்துக்கொண்டிருந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, பெஞ்சுகளுக்கு நடுவில் மெதுவாக, யாராவது தலை நிமிர்வார்களா என்று பார்த்துக்கொண்டே நடந்தாள். கடைசி பெஞ்சு வரைக்கும் பார்த்தாள். எங்கே போகிறீர்கள் டீச்சர் என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை.

கதவைத் தாண்டிப் போய்விட்டாள்.